எல்கேஜி, யுகேஜி பிள்ளைகளும் அடுத்தவர் மனசும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பதினேழு வருடமாக எல்கேஜி, யுகேஜி வகுப்பு எடுக்கிறேன். "இன்னும் அ எழுத வரல மிஸ்" என்று வருகிறவர்களுக்குச் சமமாக, "யாரோடும் சேர மாட்டேங்கிறான்", "அடிக்கிறான்", "தினமும் அடி வாங்கிட்டு வர்றா" என்று வருகிறவர்களும் உண்டு. வருடங்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. காலையில் மணி அடிக்கிற நேரத்தில் கேட்டருகே நின்று அரை நிமிடத்தில் சொல்கிற பதில் பாதிதான் போய்ச் சேர்கிறது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, ஆற அமரப் பதில் எழுதியிருக்கிறேன். மூன்றிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது.

1. "மூணரை வயசுதான் ஆகுது மிஸ். இந்த வயசுல அடுத்தவங்க மனசெல்லாம் புரியுமா?"

பாதி புரியும். பிரசவ வார்டில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தால் பக்கத்துத் தொட்டிலும் சேர்ந்துகொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்தவர் அழுகையில் கலங்குவது அவ்வளவு சீக்கிரம் தொடங்கிவிடுகிறது. ஒன்றரை, இரண்டு வயதில், அம்மா கண்ணைத் துடைத்தால் தன் பொம்மையைக் கொண்டுவந்து நீட்டும். அம்மாவுக்குப் பொம்மை எதற்கு? தனக்கு எது ஆறுதலோ அதுவே அம்மாவுக்கும் என்று அது நினைக்கிறது. என் தலைக்குள் இருப்பது வேறு, உன் தலைக்குள் இருப்பது வேறு என்கிற மறுபாதி இன்னும் வரவில்லை.

இதை வருடா வருடம் ஒரு பிஸ்கட் டப்பாவை வைத்துப் பார்க்கிறேன். உள்ளே சட்டைப் பொத்தான்கள். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு "உள்ள என்ன?" என்றால் "பிஸ்கட்" என்று வரும். திறந்து காட்டிவிட்டு மூடிவிடுவேன். "வெளியே நிக்கிற உன் ஃப்ரெண்டுகிட்ட இந்த மூடின டப்பாவைக் காட்டிக் கேட்டா என்ன சொல்லுவான்?" ஜூன் மாதத்து எல்கேஜிப் பிள்ளை பட்டென்று "பட்டன்" என்று சொல்லும். தனக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும் என்ற நினைப்பு. அதே பிள்ளை யுகேஜி வந்ததும் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு "பிஸ்கட்னு சொல்லுவான் மிஸ்" என்கிறது. இடம் மாற்றி வைத்த ஒரு சாக்லேட்டை வைத்து இதே மாதிரியான சோதனையை 1983-ல் ஹைன்ஸ் விம்மர், யோசெஃப் பெர்னர் என்ற உளவியலாளர்கள் வெளியிட்டார்கள். அதன்பின் பல நாடுகளில் செய்து பார்த்ததில், பெரும்பாலான பிள்ளைகள் நாலு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் நடுவில்தான் இந்தப் படியைத் தாண்டுகிறார்கள்.

அதனால் மூன்றரை வயதுக்காரனிடம் "உனக்கு இப்படிப் பண்ணினா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாரு" என்றால் அவன் முழிப்பது திமிரில்லை. யோசிக்கச் சொல்வதைவிட, எதிரில் அழுகிற முகத்தைக் காட்டிச் சொல்வது அந்த வயதுக்கு எட்டும்.

2. "கிளாஸ்ல ஓரமா உட்கார்ந்து தனியாவே விளையாடுறாளாம். யாரோடும் ஒட்ட மாட்டாளோ?"

தனியாக விளையாடுவது, மற்றவர்கள் ஆட்டத்தை வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து அதே மாதிரி விளையாடுவது, அப்புறம் சேர்ந்து விளையாடுவது. அமெரிக்காவில் மில்ட்ரெட் பார்டன் என்பவர் பாலர் பள்ளிப் பிள்ளைகளைக் கவனித்து 1932-லேயே இப்படிப் பிரித்து எழுதினார். இரண்டு பேர் முதுகோடு முதுகு உரச, ஒருவரோடு ஒருவர் பேசாமல், அவரவர் மண்வீடு கட்டிக்கொண்டிருந்தால் அதுவும் கூட விளையாடுவதுதான். வேடிக்கை பார்க்கிற பிள்ளை சும்மா இருப்பதாக நினைக்க வேண்டாம், ஆட்டத்தின் சட்டதிட்டத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது. முதல் இரண்டு மூன்று மாதம் விட்டுப் பிடியுங்கள். கவலைப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு, அவற்றை 13-வது கேள்வியில் எழுதியிருக்கிறேன்.

3. "பொம்மையைக் குடுடான்னா குடுக்கிறதே இல்ல. சுயநலமா வளந்துடுவானோ?"

உங்கள் புது ஸ்கூட்டியை நாத்தனார் மகள் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனால், "பரவாயில்ல, நல்லா ஓட்டு" என்று சிரித்துக்கொண்டே கையாட்டுவீர்களா? பிள்ளைக்கு அந்த ஜேசிபி பொம்மை ஸ்கூட்டி மாதிரி. "இது என்னுது" என்பது உறுதிப்பட்ட பிறகுதான் "உனக்கும் தரேன்" வரும். சொந்தக்காரப் பிள்ளைகள் வருவதற்கு முன்னால், "எதை உள்ள வச்சுடலாம், எதை எல்லாரும் விளையாடலாம்?" என்று அவனையே கேளுங்கள். உயிரான இரண்டை பீரோவில் வைத்துவிட்டால், மீதியில் தாராளமாக இருப்பான்.

பங்கு போடுவது வேறு, முறை வைப்பது வேறு. கடலை மிட்டாயைப் பங்கு போடலாம். நாங்களெல்லாம் மிட்டாயைச் சட்டைத் துணிக்குள் வைத்துக் காக்காய்க்கடி கடித்துப் பங்கு போட்டவர்கள். இன்றைக்கு எந்த அம்மாவும் அதை அனுமதிக்க மாட்டார்கள், சரி. ஆனால் மூன்று சக்கர சைக்கிளைக் கடித்துப் பங்கு போட முடியாது. அதற்கு முறைதான். "அப்புறம் தருவான்" என்றால் பிள்ளைக்கு அப்புறம் என்பது எப்போது என்று தெரியாது. என் வகுப்பில் காத்திருக்கிற பிள்ளைதான் சத்தமாக இருபது வரை எண்ணும். எண்ணுகிறவனுக்கு ஒரு வேலை கிடைக்கிறது, ஓட்டுகிறவனுக்கு எப்போது இறங்க வேண்டும் என்று தெரிகிறது.

ஒரு விஷயம். "தம்பி சின்னவன், பாவம், குடுத்துடு" என்று ஒவ்வொரு முறையும் மூத்ததிடம் பிடுங்கிக் கொடுக்காதீர்கள். மூத்தது அதிலிருந்து கற்றுக்கொள்வது விட்டுக்கொடுப்பதை அல்ல. வீட்டில் தனக்கென்று ஒன்றும் நிற்காது என்பதைத்தான்.

4. "அடிச்சா உடனே ஸாரி சொல்ல வைக்கிறோம். சொல்லிட்டு மறுபடி அடிக்கிறான். என்ன பண்றது?"

இது நம் ஊரில் எல்லா வீட்டிலும் நடக்கிறது. போன வருடம் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். தள்ளிவிடுவான், விழுந்தவன் அழ ஆரம்பிக்கும் முன்பே "ஸாரி ஸாரி ஸாரி" என்று கத்திக்கொண்டே ஓடிவிடுவான். சில நாள் முதலில் ஸாரி, பிறகுதான் தள்ளு. அவனைப் பொறுத்தவரை அது சுங்கச்சாவடியில் கட்டுகிற காசு, கட்டிவிட்டால் வண்டி போகலாம்.

நான் செய்வது இது. முதலில் அடித்தவனிடம் போவதில்லை, அடிபட்டவனிடம் போகிறேன். "எங்க வலிக்குது? காட்டு." அடித்தவனையும் கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வேன், திட்டுவதில்லை. "பாரு, முட்டி சிவந்திருக்கு. கண்ணுல தண்ணி. நீ தள்ளினதுல சிமெண்டுல விழுந்துட்டான்." அவ்வளவுதான். பிறகு கொஞ்சம் சும்மா இருக்க வேண்டும். இந்தச் சும்மா இருப்பதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டம். பிள்ளையின் முகத்தில் ஏதோ ஓட ஆரம்பிக்கிற நேரத்தில் நாம் "சொல்லு, ஸாரி சொல்லு" என்று குறுக்கே பாய்ந்து அதைக் கெடுத்துவிடுகிறோம். கொஞ்சம் பொறுத்து, "இப்போ இவனுக்கு என்ன பண்ணலாம்?" என்று கேட்கிறேன். தண்ணி பாட்டிலை எடுத்துவருவான், ஊதிவிடுவான், உருண்டு போன செருப்பைத் தேடிக் கொண்டுவருவான். நான் சொன்ன பையன் மூன்றாவது வாரம் தன் கைக்குட்டையை எடுத்து அடிபட்டவனின் மூக்கைத் துடைத்தான். அன்றைக்கு ஸாரி என்ற வார்த்தையே வரவில்லை, நானும் கேட்கவில்லை.

அடி, மிரட்டலைவிட "நீ செய்தது அவனுக்கு என்ன செய்தது" என்று எடுத்துச் சொல்லும் கண்டிப்புதான் பரிவை வளர்க்கிறது என்று அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் ஹாஃப்மன் நிறைய எழுதியிருக்கிறார். ஆனால் எடுத்துச் சொல்வது என்றால் பத்து நிமிடப் பிரசங்கம் இல்லை. இரண்டு வாக்கியம் போதும், மூன்றாவது வாக்கியத்தில் பிள்ளை ஃபேனைப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

5. "கீழ விழுந்தா எங்க மாமியார் தரையை 'அடி அடி'ன்னு அடிப்பாங்க. அது தப்பா மிஸ்?"

பாட்டி அன்பில்தான் செய்கிறார், அழுகையும் சட்டென்று நிற்கிறது. இதற்காக வீட்டில் ஒரு சண்டை வேண்டாம். ஆனால் யோசித்துப் பார்த்தால், வலித்தால் உடனே யாரையாவது அடிக்க வேண்டும் என்றும், என் வலிக்கு எப்போதும் வேறு யாரோதான் காரணம் என்றும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. தரை போய் நாளைக்கு அந்த இடத்தில் தங்கச்சி நிற்பாள். பாட்டியிடம், "தரையைத் தடவிக் குடுங்கத்தை, அதுக்கும் வலிச்சிருக்கும்ல" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு வீட்டில் இதைச் செய்யப்போய், இப்போது அந்தப் பிள்ளை நாற்காலியில் இடித்துக்கொண்டால் தன் காலையும் தடவி, நாற்காலியையும் தடவுகிறதாம்.

6. "இவர் 'ஆம்பளப் புள்ள அழலாமா'ன்னு அதட்டுறார். நானும் அழாதேன்னுதான் சொல்றேன்."

தன் அழுகைக்கு இடமில்லாத பிள்ளை அடுத்தவர் அழுகைக்கு எங்கிருந்து இடம் கொடுக்கும்? வகுப்பில் யாராவது அழுதால் "ஷேம் ஷேம்" என்று கைகொட்டுகிற பிள்ளைகள் அதை வீட்டிலிருந்துதான் கொண்டுவருகிறார்கள். "அழாதே" என்பதற்குப் பதிலாக என்ன நடந்தது என்பதற்கு ஒரு பெயர் கொடுங்கள். தமிழில் அதற்குச் சொல் பஞ்சமே இல்லை. ஏமாற்றம், ஏக்கம், கடுப்பு, வெட்கம், பொறாமை, பயம், கூச்சம், சலிப்பு. "பார்க் போகலாம்னு சொன்னேன், மழை வந்துடுச்சு. ஏமாந்துட்ட, இல்ல?" என்றால் பிள்ளை உங்களை நிமிர்ந்து பார்க்கும்.

இதில் ஒன்று கவனித்திருக்கிறேன். பள்ளிச் சுவரில் ஹேப்பி, ஸேட், ஆங்ரி என்று முகப் படம் ஒட்டியிருப்போம். பிள்ளைகளும் "ஐ ஆம் ஸேட்" என்று ரைம்ஸ் மாதிரி அழகாக ஒப்பிக்கும். உண்மையில் மனசு நொந்தால் அந்த வார்த்தை வராது. "அம்மா, எனக்கு ஒரு மாதிரி இருக்கு" என்றுதான் வரும். மனசுப் பேச்சை வீட்டு மொழியிலேயே பேசுங்கள்.

7. "நல்லபடியா நடந்துக்கிட்டா ஸ்டார் ஸ்டிக்கர் குடுக்கலாமா?"

பல் தேய்ப்பதற்குக் கொடுங்கள், உதவி செய்வதற்கு வேண்டாம். 2008-ல் ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டொமசெல்லோ இருவரும் இருபது மாதக் குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். உதவி செய்ததற்குப் பரிசு வாங்கிய குழந்தைகள், பரிசு நின்றதும் மற்ற குழந்தைகளைவிடக் குறைவாக உதவினார்கள். "வெரி குட்" கூட அவசியமில்லை. "நீ பென்சில் குடுத்ததும் அவ முகம் எப்படி மாறிச்சு பாத்தியா?" என்பது போதும்.

8. "'என்னைச் சேத்துக்க மாட்டேங்கிறாங்க'ன்னு தினமும் அழுதுக்கிட்டே வர்றா."

பெற்ற வயிற்றை அதிகம் கலக்குகிற கேள்வி இதுதான். "என்னையும் சேத்துக்கோ" என்று கேட்பது ஒரு மோசமான வழி, ஏனென்றால் "முடியாது" என்று சொல்ல வாய்ப்புத் தருகிறது. வேறு வழியைப் பழக்குங்கள். முதலில் பக்கத்தில் போய் என்ன ஆட்டம் என்று பார். பஸ் ஆட்டமா? "நான் கண்டக்டர், டிக்கெட் டிக்கெட்!" என்று இலையைக் கிழித்துக்கொண்டு உள்ளே நுழை. பஸ்ஸுக்குக் கண்டக்டர் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இதை வீட்டில் நீங்களும் அப்பாவும் பஸ் ஓட்டி ஒத்திகை பார்க்கலாம்.

பெரியவர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. நம் தெரு விளையாட்டுகளில் ஒப்புக்குச் சப்பாணி என்று ஒரு இடம் இருந்தது. சொல் இன்றைக்குக் காதுக்கு நன்றாக இல்லை, ஆனால் ஏற்பாடு அருமையானது. ஓடத் தெரியாத குட்டிப் பிள்ளையும் ஆட்டத்தில் இருக்கும், அவுட் ஆனாலும் அவுட் இல்லை. பெரிய பிள்ளைகளே பார்த்து வைத்துக்கொண்ட சட்டம் அது. என் வகுப்பில் அதற்கு "செல்லக்குட்டி" என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு செல்லக்குட்டி உண்டு, அது தினமும் மாறும்.

அப்புறம், காய் விடுவதைப் பெரிதுபடுத்தாதீர்கள். எங்கள் ஊர்க் கணக்கில் சுண்டுவிரல் நீட்டினால் காய், ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டினால் பழம். பத்து மணிக்குக் காய் விட்டவர்கள் ஸ்நாக்ஸ் மணி அடிக்கும்போது பழம் விட்டு ஒரே டப்பாவில் கை வைத்திருப்பார்கள். அன்று மாலை இரண்டு அம்மாக்கள் வாட்ஸ்அப்பில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

9. "அடிச்சா திருப்பி அடின்னு சொல்லிக் குடுத்தா என்ன? இல்லன்னா ஏமாளி ஆகிடுவான்ல?"

பயம் நியாயமானது, வழி சரியில்லை. நாலு வயதில் "திருப்பி" என்பதற்குக் கணக்கு தெரியாது. தெரியாமல் இடித்தவனுக்கும் ஒரு அடி, நேற்று இடித்தவனுக்கு இன்றைக்கு ஒரு அடி என்று போகும். ஏமாளி ஆகாமல் இருக்கத் தேவை குரல். போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கையை முன்னால் நீட்டி, அடிவயிற்றிலிருந்து "அடிக்காதே! எனக்குப் பிடிக்கல!" என்று கத்தப் பழக்குங்கள். வீட்டில் மெல்லப் பேசு என்று வளர்த்த பிள்ளைக்கு இது எளிதில் வராது, மொட்டை மாடியில் பயிற்சி வேண்டும். சத்தம் கேட்டால் நாங்களும் வந்துவிடுவோம். மிஸ்ஸிடம் சொல்வது கோள் மூட்டுவது ஆகாது என்றும் சொல்லிவையுங்கள். அடுத்தவனை மாட்டிவிடச் சொல்வது கோள், யாருக்காவது வலிப்பதை நிறுத்தச் சொல்வது உதவி கேட்பது.

10. "எறும்பை நசுக்கி நசுக்கிப் பாக்கிறான். கொடூர புத்தியா?"

பெரும்பாலும் ஆராய்ச்சி. கொஞ்சம் சர்க்கரையைப் போட்டு, எறும்பு அதை எங்கே தூக்கிப்போகிறது என்று கூடவே குனிந்து பாருங்கள். எறும்புக்கு வீடு இருக்கிறது என்று தெரிந்த பிறகு நிறையப் பிள்ளைகள் காலைத் தூக்கித் தாண்டிப் போகிறார்கள். நாய்க்குட்டி கத்தக் கத்த வாலை முறுக்கிச் சிரிப்பது, அதைச் சொல்லியும் திரும்பத் திரும்பச் செய்வது என்றால் அது வேறு. அந்தப் பிள்ளைக்கு யாராவது அப்படிச் செய்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

11. "'அவன் கறுப்பு, அவன் டப்பா நாறுது, பக்கத்துல உட்கார மாட்டேன்'ங்கிறா. நாங்க இப்படியெல்லாம் சொல்லிக் குடுக்கலையே?"

சொல்லிக் கொடுத்திருக்க மாட்டீர்கள். காதில் விழுந்திருக்கும். "வெயில்ல ஆடாதே, கறுத்துடுவ" என்று எத்தனை முறை சொல்லியிருப்போம்? "இன்னிக்கு யார்கூட உட்கார்ந்த?" என்று கேட்டு, பெயரைக் கேட்டதும் "அவங்க வீடு எந்தப் பக்கம்?" என்று அடுத்த கேள்வி போடுவோம். எதற்குக் கேட்கிறோம் என்று நமக்குத் தெரியும். பிள்ளைக்கு அந்தக் காரணம் தெரியாது, ஆனால் பதிலைக் கேட்டதும் நம் புருவம் போகிற போக்கு தெரியும். பேச்சு முழுவதும் புரிவதற்கு முன்பே முகம் படித்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

"ச்சீ, அப்படிச் சொல்லக்கூடாது" என்று வாயை மூடினால், இது வெளியே சொல்லக்கூடாத விஷயம் என்று மட்டும் கற்றுக்கொள்ளும். அதைவிட, "என்ன வாசனை அது?" என்று கேளுங்கள். கருவாடோ, முட்டையோ, பூண்டுக் குழம்போ. "உனக்குப் பழக்கமில்லாத வாசனை. அவனுக்கு அது அவங்க அம்மா வாசனை. உன் டப்பாவை யாராவது அப்படிச் சொன்னா?" யுகேஜிப் பிள்ளைக்கு இது புரியும், பிஸ்கட் டப்பா படியைத் தாண்டிவிட்டதல்லவா.

வகுப்பில், பாய் மடிப்பது போன்ற இரண்டு பேர் சேர்ந்தால்தான் முடிகிற வேலையை அந்த இருவருக்கே கொடுப்பேன். பாயின் இரண்டு முனையை இரண்டு பேர் பிடித்தாக வேண்டும். இடம் மாற்றி உட்காரவைக்கச் சொல்லிக் கேட்கிற பெற்றோர் வருடத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். கண் தெரியவில்லை, காது கேட்கவில்லை என்றால் மாற்றுவேன். இதற்கு மாற்றுவதில்லை.

12. "கார்ட்டூன்லயும் நல்லதுதான மிஸ் காட்டுறாங்க?"

காட்டுகிறார்கள். ஆனால் கார்ட்டூனில் வருகிற கரடி உங்கள் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது, மூன்று, நாலு வயதில் உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள், குறைந்தால் இன்னும் நல்லது. அதே நேரத்தில் பாட்டி வடை சுட்ட கதையைச் சொல்லி, ஒரு நாள் காக்காய்க்காக, மறுநாள் வடை போன பாட்டிக்காக, அடுத்த நாள் நரிக்காகச் சொல்லிப் பாருங்கள். "நரிக்கு எத்தனை நாளாப் பசியோ?" என்று ஒரு பிள்ளை கேட்டு என்னை மடக்கியிருக்கிறது.

13. "எப்போ டாக்டர்கிட்ட காட்டணும்?"

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பெரும்பாலும் திரும்பாதது, கண்ணைப் பார்க்காதது, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாதது, பாவனை விளையாட்டே இல்லாமல் ஒரே பொருளைச் சுற்றிக்கொண்டோ வரிசை வைத்துக்கொண்டோ இருப்பது, பேச வந்தது நின்றுபோவது. இவை இருந்தால் "போகப் போகச் சரியாகிடும்" என்று காத்திருக்க வேண்டாம். காது கேட்கிறதா என்பதையும் சோதிக்கச் சொல்லுங்கள், நாங்கள் பிடிவாதம் என்று நினைத்த ஒரு பிள்ளைக்குக் காதில்தான் பிரச்சினை இருந்தது. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் மையங்கள் (ஆங்கிலச் சுருக்கத்தில் டிஇஐசி) அரசு மருத்துவமனைகளில் உண்டு. "டிஇஐசி எங்க இருக்கு?" என்று கேட்டால் காட்டுவார்கள், கட்டணம் இல்லை.

14. "எல்லாம் சரி மிஸ். நானே கத்திடுறேன், சில நாள் ஒண்ணு வச்சும் விடுறேன். அப்புறம் நான் என்ன சொல்லிக் குடுக்கிறது?"

இதைக் கேட்கிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்பார்கள். அடிப்பதைக் குறைத்தே ஆக வேண்டும், அதில் பேச்சில்லை. ஆனால் தவறு நடந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைக்குக் காட்ட உங்களுக்கும் ஒரு இடம் கிடைக்கிறது. 4-வது கேள்வியில் பிள்ளைக்குச் சொன்னதுதான் நமக்கும். "நான் கத்தினதுல பயந்துட்ட. ஆபீஸ் கோபத்தை உன்மேல காட்டிட்டேன். அது என் தப்பு." "நீ ஒழுங்கா இருந்தா நான் ஏன் கத்தப்போறேன்" என்று அதற்கு வால் சேர்க்கக்கூடாது.

ஒரு முறை கலர் பென்சில் டப்பாவைக் கொட்டி உடைத்ததாக, வழக்கமாகச் சேட்டை செய்கிற பையனைப் பிடித்து எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டேன். அவன் எதுவுமே சொல்லவில்லை. மறுநாள் வேறொரு பிள்ளையின் அம்மா வந்து, கொட்டியது தன் மகள்தான் என்று சொன்னார். எல்லோர் முன்னாலும் திட்டியதால் எல்லோர் முன்னாலும்தான் சொல்ல வேண்டும் என்று, அவன் பெஞ்சருகே முட்டி போட்டு, "நீ பண்ணல. நான் கேக்காமலே திட்டிட்டேன்" என்றேன். வகுப்பே என்னைப் பார்த்தது. அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நேத்தே காய் விட்டுட்டேன் மிஸ்" என்றான். "இப்போ?" என்று கேட்டேன். ஸ்நாக்ஸ் மணிக்கு அப்புறம் சொல்வதாகச் சொன்னான். மணி அடித்து, முறுக்கைத் தின்று முடித்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து இரண்டு விரலை நீட்டினான்.